பாய் போட இடம் கொடுங்கள்!



பேரவை மலர் என்றால் கவிதை இருக்கும். நட்பைப் பற்றி நாலு பக்கம் இருக்கும். வேலையில்லாத் திண்டாட்டம் கட்டாயம் இருக்கும். நான் எழுத வந்தது ராத்திரி படுக்கிற இடத்தைப் பற்றி. சிரிக்காதீர்கள். நம் சிவில் பிரிவில் டூர் பேசியபோது என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். பஸ் வாடகையைப் பங்கு போட்டபோது யாரும் பின்வாங்கவில்லை. சாப்பாட்டுக் கணக்கு சொன்னபோதும் தலையாட்டினோம். "லாட்ஜ், இரண்டு ராத்திரி" என்று ஒரு வரி சேர்ந்ததும்தான் ஒருத்திக்கு உடம்பு சரியில்லாமல் போனது, இன்னொருவனுக்கு அக்கா நிச்சயதார்த்தம் வந்தது. அந்த நிச்சயதார்த்தம் இன்னும் நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

வராமல் நின்றவர்களுக்கு ஊர் பார்க்க ஆசை இல்லையா? இருந்தது. இல்லாதது ஒரு ராத்திரிக்கான வாடகை.

எனக்குச் சொந்த ஊர் ஏற்காடு மலையில் வெள்ளக்கடை. ஏற்காடு என்றதும் உங்களுக்கு ஏரி, படகு, லேடீஸ் சீட், பக்கோடா பாயிண்ட், மே மாதக் கோடை விழா, அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சி எல்லாம் ஞாபகம் வரும். எங்களுக்கு அது தாலுகா ஆபீஸ் இருக்கிற ஊர். அப்பாவும் அம்மாவும் காபித் தோட்டத்தில் கூலி வேலை. வீட்டில் பத்தாவது தாண்டிப் படித்த முதல் ஆள் நான்தான். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை மலையிலேயே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்தேன். ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுத் தூங்கி வளர்ந்தவள். ஆகவே இந்த விஷயத்தில் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

போன மே மாதம் நாங்கள் வகுப்புப் பெண்கள் 12 பேர் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோடை முகாம் விடுதியில் மூன்று ராத்திரி தங்கினோம். பெயர் வேண்டாம், விளம்பரம் ஆகிவிடும். தகரக் கூரை போட்ட ஒரு கூடம். இரும்புக் கட்டில், ஒன்றின் மேல் ஒன்று. ஆளுக்கு ஒரு மெத்தை, ஒரு கம்பளி. கழிப்பறையும் குளியலறையும் பின்னால் தனியாக. தட்டும் டம்ளரும் நாமே கொண்டு போக வேண்டும், நாமே கழுவ வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு விளக்கு அணைத்துவிடுவார்கள். ஒரு படுக்கைக்கு ஒரு ராத்திரி 250 ரூபாய். அதே வாரம் ஏரிப் பக்கம் லாட்ஜில் விசாரித்தோம். சீசன் நேரம், அதுவும் சனி ஞாயிறு என்றதும் அவர் சொன்ன வாடகையைக் கேட்டு, நாங்கள் விசாரிக்க மட்டுமே வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரும்பிவிட்டோம்.

"சொந்த மலையிலேயே காசு குடுத்துப் படுக்கிறியாடி?" என்று அம்மாவுக்குக் கோபம். என்ன செய்வது, எங்கள் வீடு இரண்டு அறை. அதில் 12 பேர் உட்காரலாம், சாப்பிடலாம், படுக்க முடியாது. நடுவில் ஒரு நாள் எல்லோரையும் வெள்ளக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். அப்புறம் பலாப்பழம். அம்மாப்பேட்டைத் தோழி ஒருத்தி சாமைச் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கினதும் அம்மாவின் கோபம் இறங்கிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் விடுதி பற்றி ஒரு குறுக்கு விசாரணை நடந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா? கழிப்பறைக்குப் போகிற வழியில் விளக்கு இருக்கா? ராத்திரி பொம்பளை ஆள் யாராவது கூட இருப்பாங்களா? எங்கம்மா கையெழுத்துப் போடக்கூட இரண்டு வருடம் முன்புதான் கற்றுக்கொண்டார். ஒரு விடுதியைச் சோதிக்க இதைவிட நல்ல கேள்விகளை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

பகல் டூர் போகிறவர்களுக்கும் ராத்திரி தங்குகிறவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். காலை பஸ் பிடித்து 20 கொண்டை ஊசி வளைவும் சுற்றி, பாதிப் பேர் வாந்தி எடுத்து, ஏரியைப் பார்த்து, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு ஓடி வருவது பகல் டூர். தங்கினால்தான் விடியற்காலையில் எழுந்து 5,326 அடி உயரமுள்ள சேர்வராயன் மலை உச்சிக்கு நடந்து போக முடியும். மலை எப்படி மடிந்து கிடக்கிறது, மண் எங்கே அரித்துப் போகிறது, பாறையை வெட்டி ரோடு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று சிவில் படிக்கிறவள் நிதானமாகப் பார்க்க முடியும். சர்வே பாடத்தில் கான்டூர் கோடு என்று வரைகிறோமே, அது என்ன என்பது என் தோழிகள் பலருக்கு அந்தக் காலை ஆறு மணிக்குத்தான் உறைத்தது.

இந்த மாதிரி மலிவு விடுதி என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். ஜெர்மனியில் அல்டெனா என்று ஒரு சிறிய ஊர். கம்பி இழுக்கும் தொழிலுக்குப் பேர் போனது. மெக்கானிக்கல் தோழர்கள் கவனிக்க. அங்கே ரிச்சர்ட் ஷிர்மான் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளை நாலு சுவருக்குள் உட்கார வைக்காமல் நடைப்பயணமாகவே கூட்டிக்கொண்டு போவார். 1909 ஆகஸ்டில் அப்படி ஒரு பயணத்தில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். விடுமுறை, பள்ளி காலி. வைக்கோல் வாங்கி வகுப்பறையில் பரப்பிப் பிள்ளைகள் தூங்கினார்கள். வாத்தியாருக்குத் தூக்கம் வரவில்லை. விடுமுறையில் நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள் காலியாகத்தானே கிடக்கின்றன, நடந்து வருகிற பிள்ளைகளுக்கு அவற்றைத் திறந்துவிட்டால் என்ன என்று அந்த ராத்திரி யோசித்தார். 1912-இல் அல்டெனா ஊர்க் கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி வந்தது. 1932-இல் பல நாட்டு விடுதிச் சங்கங்கள் சேர்ந்து ஆம்ஸ்டர்டாமில் ஒரு சர்வதேசக் கூட்டமைப்பே அமைத்தன. 1972-இல் ஒலிம்பிக் நடந்த மியூனிக் நகரத்தில் பெரிய கூடாரம் அடித்து, தரையில் பாய் விரித்து இளைஞர்களைத் தங்க வைத்தார்கள். ஒலிம்பிக் முடிந்தும் அந்தக் கோடைக்காலக் கூடார விடுதியை அவர்கள் கைவிடவில்லை. பணக்கார நாட்டுக்காரனுக்கே கூட்டத்தோடு தரையில் படுக்க வெட்கம் இல்லை. நமக்கு எதற்கு?

நமக்கும் இது புதிது இல்லையே. வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டிய நாடு இது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரில் மங்கம்மாள் சத்திரம் எல்லோருக்கும் தெரியும். ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் 1802-இல் கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தில் தங்க இடமும் சோறும் மட்டுமல்ல, பிள்ளைகளுக்குப் படிப்பும் கிடைத்தது. எங்கள் மலையிலும் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா வரும். எங்க தாத்தா காலத்தில் கட்டுச்சோறோடு நடந்தே போய், கிடைத்த இடத்தில் கம்பளியை விரித்துப் படுத்துவிட்டு வருவார்களாம். யாரும் லாட்ஜ் தேடவில்லை.

ஆனால் இந்த மலையில் தங்க வசதி யாருக்கெல்லாம் கிடைத்தது என்று பாருங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபி கொண்டுவந்தார். அப்புறம் துரைமார் பங்களாக்கள் வந்தன. 1917-இல் மான்ட்போர்ட் பள்ளி வந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படித்துப் பெரிய ஆள் ஆனார்கள். இப்போது ரிசார்ட் வந்திருக்கிறது. எல்லாம் சரி, யார் வந்தாலும் சந்தோஷம். மலைக்குக் கீழே 30 கிலோமீட்டரில் சேலத்தில் டிப்ளமோ படிக்கிற நெசவாளி வீட்டுப் பிள்ளை வந்தால் எங்கே படுப்பான்?

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். புதிதாகக் கட்டடம் கட்டு என்று நான் கேட்கவில்லை. இளைஞர் விடுதி கட்டுவதற்கு அரசாங்கத் திட்டம் ஏற்கெனவே உண்டு. மாநில அரசு தண்ணீர், கரண்ட், ரோடு வசதியோடு நிலம் இலவசமாகக் கொடுத்தால் மத்திய அரசு கட்டடச் செலவைப் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் ஏற்பாடு. சென்னையில் அடையாறு இந்திரா நகரில் இளைஞர் விடுதி இருக்கிறது. ஏற்காட்டுக்கு ஒன்று கேட்கலாம், கேட்க வேண்டும். அது வருகிற வரைக்கும்? ஷிர்மான் வாத்தியார் யோசனைதான். நான் படித்த மாதிரி உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையில் இருக்கின்றன. கூடம் இருக்கிறது, சமையல்கட்டு இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சுற்றுலா சீசன் உச்சத்தில் இருக்கும் மே மாதம் பூராவும் கோடை விடுமுறை என்று பூட்டுத் தொங்குகிறது. அந்த ஒரு மாதம் மட்டும் மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள் என்கிறேன்.

இது ஆகாத காரியம் என்று சொல்கிறவர்கள் நம் என்.எஸ்.எஸ். முகாமை நினைத்துப் பாருங்கள். 1969-இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில்தான் ஏழு நாள் தங்குகிறோம். பெஞ்சை ஓரம் தள்ளிப் பாய் போடுகிறோம், நாமே சமைக்கிறோம், போகும்போது வந்ததைவிடச் சுத்தமாக விட்டுவிட்டு வருகிறோம். ஏழு நாள் முடியும் என்றால் முப்பது நாள் ஏன் முடியாது?

கொஞ்சம் நம் பாடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். 30 அடிக்கு 20 அடி கூடம், 600 சதுர அடி. இரட்டைக் கட்டில் பத்து போட்டால் 20 பேர் படுக்கலாம், நடக்க வழியும் இருக்கும். அதே 600 சதுர அடியை லாட்ஜ் ஆக்கினால் குளியலறையோடு மூன்று அறை. நெருக்கினாலும் ஒன்பது பேர். தண்ணீருக்கு ஐ.எஸ். 1172 என்ன சொல்கிறது? ஹாஸ்டல் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், தங்கும் ஓட்டல் என்றால் ஒரு படுக்கைக்கு 180 லிட்டர். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்த இரண்டு எண்களை மலையில் வைத்துப் பாருங்கள். 20 பேருக்கு 2,700 லிட்டரும் 3,600 லிட்டரும். வித்தியாசம் 900 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 60 குடம். கோடையில் மலைக் கிராமத்தில் தண்ணீர்க் குடம் தூக்கினவர்களுக்கு 60 குடம் என்றால் என்ன என்று தெரியும்.

வண்டிக் கணக்கும் அப்படித்தான். 56 பேர் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே இடத்தில் தங்கிவிட்டு அடுத்த நாளோ மறுநாளோ இறங்கிவிடலாம். அதே 56 பேர் காருக்கு நாலு பேராக வந்தால் 14 கார். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டி தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து இ-பாஸ் வைக்க வேண்டியதாயிற்று. எங்கள் மலை அவற்றைவிடச் சின்னது.

வரியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாத அறை வாடகைக்கு 2022 ஜூலை வரை ஜி.எஸ்.டி. கிடையாது. அந்த ஜூலை 18 முதல் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆக்கினார்கள். 2024-இல் ஹாஸ்டல்களுக்கு ஒரு விலக்கு வந்தது. மாதம் 20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், தொடர்ந்து 90 நாளாவது தங்க வேண்டும். 90 நாள் தங்குகிறவனுக்கு விலக்கு, மூன்று நாள் தங்குகிற மாணவனுக்கு இல்லை! மாணவர் அடையாள அட்டை காட்டினால் பொதுக்கூடப் படுக்கைக்கு வரி வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

எதிர்ப்பு வரும். என் வகுப்பிலேயே வந்தது. பள்ளியை நாசம் செய்துவிடுவார்கள் என்றான் ஒருவன். குடிப்பார்கள், பாட்டிலை உடைத்துப் போடுவார்கள், ஜூன் மாதம் பிள்ளைகள் காலில் குத்தும் என்றான் இன்னொருவன். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. எங்கள் பக்கம் வியூ பாயிண்ட் எதிலும் செருப்பில்லாமல் நடக்க முடியாது. அதனால்தான் தனி ஆளுக்குக் கொடுக்க வேண்டாம், கல்லூரி மூலம் கடிதத்தோடும் ஒரு ஆசிரியரோடும் வருகிற குழுவுக்கு மட்டும் கொடுங்கள் என்கிறேன். முன்பணம் வாங்கி வையுங்கள், உடைந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். மே மாதம்தான் பள்ளியில் வெள்ளையடிப்பு, ரிப்பேர் நடக்கும் என்பதும் நியாயமான பேச்சு. ரிப்பேர் நடக்கிற பள்ளியை விட்டுவிட்டு மற்றதைத் திறக்கலாம். சிவில் மாணவர்கள் தங்கினால் ரிப்பேருக்கே ஒரு கை கொடுப்போம்.

பெண்கள் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மலிவு என்பதற்காகத் தாழ்ப்பாள் இல்லாத கதவை ஏற்க முடியாது. நாங்கள் தங்கிய விடுதியிலேயே கழிப்பறைக்குப் போகும் பாதையில் பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தது. இரண்டு ராத்திரியும் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து செல்போன் வெளிச்சத்தில் போனோம். மூன்றாம் நாள் நாங்களே பல்பு வாங்கிப் போட்டோம். ஆறு பெண்களுக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும், கூடத்தோடு சேர்ந்தே வேண்டும். ஊர்ப் பெண் ஒருவர் இரவுக் காவலுக்கு வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். இதெல்லாம் சேர்ந்தால் படுக்கைக்கு இருபது ரூபாய் கூடலாம். கூடட்டும். எங்கம்மா கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால்தான் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்புவார்கள். இல்லையென்றால் இந்த விடுதியும் பையன்கள் விடுதியாகத்தான் முடியும்.

ஊருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மே மாதம் காபி பறிப்பு கிடையாது. பறிப்பு முடிந்ததும் கூலி நாட்கள் குறைந்துவிடும். அந்த மாதம் 40 மாணவர்களுக்குச் சமைக்க நாலு பெண்கள், காவலுக்கு இரண்டு பேர், வழி காட்ட இரண்டு பையன்கள் என்றால் எட்டு வீட்டில் அடுப்பு எரியும். ரிசார்ட்டில் பாத்திரம் கழுவப் போகிறவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளியிலேயே தங்கள் சமையலைச் சமைப்பார்கள். சாமைச் சோறுதான் போடுவார்கள், பரோட்டா கேட்கக் கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்களுக்கு மலையில் படுக்கை வேண்டும் என்றால் எங்களுக்குக் கீழே நகரத்தில் படுக்கை வேண்டும். ஓசூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூ காலை எட்டரை மணிக்கு என்றால் வெள்ளக்கடையிலிருந்து எப்படிப் போவது? முதல் பஸ் பிடித்தாலும் முடியாது. முந்தின நாளே இறங்கி எங்கேயாவது ராத்திரியைக் கழிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் சேலம் பஸ் ஸ்டாண்டில் சர்டிபிகேட் பையைத் தலைக்கு வைத்து உட்கார்ந்தே தூங்கிவிட்டு, கசங்கின சட்டையோடு இன்டர்வியூவுக்குப் போனான். ஒரு பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை. அவள் இன்டர்வியூவுக்கே போகாமல் நின்றுவிடுகிறாள். மதிப்பெண் குறைவால் அல்ல, படுக்க இடம் இல்லாததால். நகரத்துக் கல்லூரி ஹாஸ்டல்களும் விடுமுறையில் பாதி காலிதான். மலைப் பள்ளி உங்களுக்குத் திறக்கட்டும், நகர ஹாஸ்டலில் பத்துக் கட்டில் எங்களுக்குத் திறக்கட்டும். தர்மம் ஒன்றும் கேட்கவில்லை, படுக்கைக்குப் படுக்கை.

ஒரு பள்ளி, ஒரு மே மாதம், முதலில் 20 பெண்கள். இதைத்தான் கேட்கப் போகிறேன். மாவட்ட ஆட்சியருக்கும் பழங்குடியினர் நலத் துறைக்கும் விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். கூடத்தின் பிளானும் கழிப்பறைக்கு ஒரு எஸ்டிமேட்டும் இணைத்திருக்கிறேன். பேரவைச் செயலாளர் முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். மலர் கைக்கு வந்த மறுநாளிலிருந்து ஒரு வாரம், மதிய இடைவேளையில் சிவில் டிராயிங் ஹாலில் இருப்பேன். வரும்போது பேனா கொண்டு வாருங்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான், அதுவும் மை தீரப்போகிறது.